கதவை அடைப்பதும் கடனை மறப்பதும்

சென்ற ஆண்டு ஒரு நாள் மதரஸாவில் கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. விற்பவர் யார், வாங்குபவர் யார், பொருள் எது, விலை எது என்று ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து மாணவர் ஒருவர் எழுந்தார்.

"ஹஜ்ரத், இணையதளங்களில் வரும் விளம்பரங்களைத் தோன்றாமல் செய்யும் ஒரு கருவியை என் கணினியில் வைத்திருக்கிறேன். கட்டுரைகளை இலவசமாகப் படித்துக்கொள்கிறேன். விளம்பரம் என் கண்ணில் படுவதில்லை. அந்த விளம்பர வருமானத்தில்தான் அந்தத் தளங்கள் நடக்கின்றனவாம். என் நண்பர் இதைத் திருட்டு என்கிறார். இது கூடுமா, கூடாதா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஆட் பிளாக்கர்' என வழங்கும் அதே விளம்பரத் தடுப்பான் என் வீட்டுக் கணினியிலும் இருந்தது. என் மகன் அமைத்துக் கொடுத்தது அது. மூன்று ஆண்டுகளாக அதன் நிழலில் நிம்மதியாகப் படித்து வந்தேன். இது கூடுமா என்று ஒருமுறையேனும் என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை. ஊருக்குத் தீர்ப்புச் சொல்லுமுன் தன் வீட்டைப் பார்க்க வேண்டுமல்லவா? "நாளை சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்குப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் படித்ததையும் சிந்தித்ததையும் வாசக நேயர்கள் முன் வைக்கிறேன்.

விளம்பரம் செய்த நன்மை

முதலில் நீதியாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏழை வாசகனுக்கு விளம்பரம் செய்திருக்கும் உதவி சிறிதன்று. 1833-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்னும் நாளிதழைத் தொடங்கினார். மற்ற நாளிதழ்கள் ஆறு சென்ட்டுக்கு விற்ற காலத்தில் அவர் தம் இதழை ஒரு சென்ட்டுக்குக் கொடுத்தார். குறைந்த பணத்தை விளம்பரம் செய்த வணிகர்கள் ஈடுசெய்தார்கள். அதுவரை வசதி படைத்தோர் கையில் மட்டும் இருந்த நாளிதழ் கூலித் தொழிலாளியின் கைக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் இளமையில் நாம் படித்த மாத இதழ்களின் பின்னட்டையை நினைத்துப் பாருங்கள். கைலி வணிகரும் அத்தர் வணிகரும் யூனானி மருத்துவரும் அங்கே இடம்பெற்றிருப்பார்கள். அவர்கள் தந்த பணம் இல்லையேல் அவ்விதழ்களில் பல, சந்தாவை மட்டும் நம்பி நெடுநாள் நடந்திருக்க மாட்டா. ஆகவே விளம்பரம் என்றாலே தீமை என்று பேசுவது நன்றி மறந்த பேச்சாகும்.

இணையத்திலும் இந்த வழியே பின்பற்றப்பட்டது. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்னும் தளத்தில் பட்டை வடிவிலான விளம்பரங்கள் முதன்முதலாக இடம்பெற்றன. பிறகு, கேளாமலே முன்னால் குதிக்கும் சன்னல் விளம்பரம் வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்கான நிரலை எழுதியவர் ஈதன் சுக்கர்மன். மோட்டார் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் தகாத பக்கமொன்றில் தோன்றிவிட, விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனிச் சன்னலில் காட்ட அவர் வழி கண்டார். 2014-இல் அதற்காக அவரே எழுத்து மூலம் உலகத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தொல்லை பெருகப் பெருகத் தடுப்பும் பிறந்தது. 2002-இல் டென்மார்க் நாட்டு மாணவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சன் 'ஆட்பிளாக்' என்னும் சிறு நிரலை எழுதினார். இன்றைய தடுப்பான்கள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

இது திருட்டுத்தானா?

'திருட்டு' என்ற சொல்லை மாணவரின் நண்பர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2002-இல் அமெரிக்காவின் டர்னர் தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜேமி கெல்னர், பதிவுக் கருவியால் விளம்பரங்களைத் தாண்டிச் செல்வது திருட்டு என்றார். நிகழ்ச்சியைப் பார்க்க அமரும்போதே விளம்பரத்தையும் பார்ப்பதாக நாம் ஒப்பந்தம் செய்துவிட்டோம் என்பது அவர் வாதம். அப்படியானால் விளம்பர நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போகலாமா என்று கேட்டபோது, அதற்குச் சற்று இடம் கொடுக்கலாம் என்றார்! வாதத்தின் பலவீனம் அந்தச் சலுகையிலேயே வெளிப்பட்டுவிட்டது.

திருட்டு என்பதற்கு நம் சட்ட நூல்கள் வரையறை வைத்திருக்கின்றன. பிறர்க்கு உரிய பொருளை, அது காக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்து, மறைவாக எடுப்பது திருட்டு. இணையதளத்தின் பக்கம் பூட்டி வைக்கப்பட்ட பொருளா? இல்லை. கதவைத் திறந்து வைத்து, வருக வருக என்று அழைத்து, முன்னால் விரித்து வைத்த உணவு அது. விருந்துக்குப் போகிறோம், விருந்து கொடுப்பவர் வாசலில் ஒரு வணிகனை நிறுத்தியிருக்கிறார், அவன் தன் சரக்கின் பெருமையை உரக்கக் கூவிக்கொண்டிருக்கிறான். வருகிறவர்கள் காதில் அது விழும் என்ற எதிர்பார்ப்பில் அவன் விருந்தின் செலவை ஏற்றிருக்கிறான். விருந்தாளி ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால் அவரை மரியாதை குறைந்தவர் எனலாம். திருடர் எனச் சொல்ல இயலாது. எதிர்பார்ப்பு வேறு, ஒப்பந்தம் வேறு. ஒரு தரப்பார் மனத்தில் மட்டும் இருக்கும் நிபந்தனை மற்றத் தரப்பாரைக் கட்டுப்படுத்தாது.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றமும் இதையொட்டியே தீர்ப்பளித்தது. ஆக்சல் ஸ்பிரிங்கர் என்னும் பெரும் பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பானை வழங்குவது முறையற்ற வணிகப் போட்டியாகாது என்று 2018 ஏப்ரல் 19 அன்று அது கூறியது. தடுப்பானைப் பயன்படுத்துவோரை உள்ளே விடாமல் நிறுத்தும் உரிமை தளத்தாருக்கு உண்டு என்பதையும் எடுத்துக்காட்டியது. வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. தடுப்பான் பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமையை மீறுவதாகுமா என்ற கேள்வியை 2025 ஜூலை 31 அன்று அதே நீதிமன்றம் கீழ்நீதிமன்றத்தின் மறு ஆய்வுக்கு அனுப்பியது. சட்டம் அதை ஆராயட்டும்.

உள்ளே விடாமல் நிறுத்தும் உரிமை என்பது நமக்கு முக்கியமானது. 'தடுப்பானை நீக்கினால் உள்ளே வரலாம். இல்லையேல் வர வேண்டாம்' என்று தளத்தார் வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டால் நிலை மாறிவிடுகிறது. மனத்தில் இருந்த நிபந்தனை வாசலுக்கு வந்துவிட்டது. அதை ஏற்று உள்ளே போகலாம்; ஏற்காமல் திரும்பியும் வரலாம். ஏற்றதுபோல் நடித்துச் சுவரேறிக் குதித்துவிட்டு, 'திறந்த வீடுதானே' என்று சொல்வது நேர்மையாகாது. என் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை அழுத்திச் சொன்னேன்.

மறைந்து நிற்கும் விலை

'இலவசமாகப் பெற்றீர்கள்; விளம்பரம் பார்ப்பதே அதன் விலை' என்று சொல்வோருக்கு நான் ஒரு மறுகேள்வி வைக்கிறேன். விலை என்றால் அது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விலை இன்னதென்று அறியப்படாத விற்பனை செல்லாது என்பது எங்கள் பாடத்தின் தொடக்க நிலைச் செய்தி. இணையத்தில் நாம் கொடுக்கும் விலை நமக்குத் தெரிகிறதா?

இதழின் பின்னட்டையிலிருந்த கைலி விளம்பரம் அசையாமல் கிடந்தது. நாம் அதைப் பார்த்தோம். அது நம்மைப் பார்க்கவில்லை. இன்றைய இணைய விளம்பரமோ நம்மைப் பார்க்கிறது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்தக் கணத்தில், நம் இருப்பிடம், நம் கருவி, நாம் முன்பு பார்த்த பக்கங்கள் ஆகியவை பற்றிய குறிப்புகள் ஓர் ஏலக் கூடத்துக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே பல நிறுவனங்களின் இயந்திரங்கள் ஏலம் கேட்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் நம் முன் விரிகிறது. ஏலத்தில் தோற்றவர்களும் நம்மைப் பற்றிய குறிப்பைக் கண்டுவிட்டார்கள். நாம் எதைக் கொடுத்தோம், யாரிடம் கொடுத்தோம், அது எத்தனை கை மாறும் என்பது நமக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையை எழுதியவருக்கும் தெரியாது. இதை ஒப்புதலுடன் நடந்த வணிகம் என்று எப்படிச் சொல்வது?

தொல்லையோடு ஆபத்தும் உண்டு. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. போன்ற பெயர்பெற்ற தளங்களின் விளம்பர இடங்கள் வழியாகவே, கணினியைப் பூட்டிப் பணயம் கேட்கும் நச்சு நிரல்கள் பரப்பப்பட்டன. விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்தது தளத்தார் அல்லர், ஏலக் கூடம். கடைக்காரர் நல்லவராயினும் வாசலில் நிற்பவன் யாரென்று அவருக்கே தெரியாத நிலை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் துறை, தேடுபொறிகளில் போலி விளம்பரங்களால் மக்கள் ஏமாற்றப்படுவதை எச்சரித்து, விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுரை கூறியது. திருட்டைத் தடுப்போர் திருட்டுக் கருவியைப் பரிந்துரைப்பார்களா?

சில ஆண்டுகளுக்கு முன் என் பேரன் கணக்குப் பாடத்துக்காக ஒரு பக்கத்தைத் திறந்தான். பெருக்கல் வாய்பாட்டுக்குப் பக்கத்திலேயே பணம் வைத்துச் சீட்டாட அழைக்கும் படம் மின்னியது. 'இது என்ன விளையாட்டு, அப்பா?' என்று என்னைக் கேட்டான். என் வீட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு உண்டு. என் கண்ணை எங்கே திருப்புவது, எங்கே தாழ்த்துவது என்பதும் என் பொறுப்பே. அந்தப் பொறுப்பை நான் எவருக்கும் விற்றுவிடவில்லை. அன்று மாலையே என் மகன் தடுப்பானை அமைத்தான். அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

விளம்பரத் துறையாரும் தம் பிழையை ஒருவாறு ஒப்புக்கொண்டார்கள். இணைய விளம்பர நிறுவனங்களின் அமெரிக்கக் கூட்டமைப்பு, வாசகரின் வசதியை மறந்து வழி தவறிவிட்டோம் என்று 2015 அக்டோபரில் வெளிப்படையாக எழுதியது.

மறுபக்கத்து நியாயம்

இத்துடன் நிறுத்தியிருந்தால் எனக்கும் எளிதாயிருக்கும், வாசகருக்கும் மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் தராசுக்குத் தட்டு இரண்டு.

2010 மார்ச்சில் 'ஆர்ஸ் டெக்னிக்கா' என்னும் அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ் ஒரு சோதனை செய்தது. தடுப்பான் வைத்திருந்த வாசகர்களில் பலருக்குப் பன்னிரண்டு மணி நேரம் பக்கங்கள் வெறுமையாகத் தெரியும்படி செய்தது. பலர் சினந்தனர். சிலரோ, தம் செயலால் இன்னொருவருக்கு இழப்பு உண்டென்பதையே அன்றுதான் அறிந்தோம் என்று சொல்லித் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கினர். சிலர் சந்தா செலுத்தினர். அந்தச் சோதனையைப் பற்றி இதழின் ஆசிரியர் கென் ஃபிஷர் பிறகு எழுதியபோது, வாசகரைத் திருடர் என்று பழிக்கவில்லை. நீங்கள் விரும்பும் இதழுக்கே இதனால் கேடு வருகிறது என்றுதான் முறையிட்டார். பழிச்சொல் மூடிய உள்ளத்தை முறையீடு திறந்தது.

இன்னொரு நிகழ்ச்சி என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. 2015 செப்டம்பரில் ஐபோனில் விளம்பரத் தடுப்புக்கு ஆப்பிள் நிறுவனம் இடமளித்தது. மார்கோ ஆர்மென்ட் என்னும் நிரலாளர் 'பீஸ்' என்ற பெயரில் ஒரு தடுப்பானை விற்பனைக்கு விட்டார். அமெரிக்காவில் விலைக்கு விற்கும் செயலிகளின் வரிசையில் அது முதலிடத்துக்கு ஏறியது. பணம் கொட்டிக்கொண்டிருந்த அந்த வேளையில், இரண்டே நாட்களில், அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தடுப்பான் பலருக்கு நன்மை செய்கிறது. ஆனால் தண்டனைக்கு உரியவர் அல்லாத சிலரையும் அது அடிக்கிறது. இந்த வெற்றி தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். தடுப்பதைத் தவறென்று அவர் கூறவில்லை. அனுமதிக்கப்பட்டதற்கும் உள்ளம் அமைதி கொள்வதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை அவர் உணர்ந்தார்.

அந்த இடைவெளியை நானும் அறிவேன். அரபுச் சொற்களின் வேரையும் வழக்கையும் தமிழில் விளக்கும் சிறு தளம் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாளாக நடத்தி வந்தது. வகுப்புக்குப் போகுமுன் நான் அடிக்கடி அதைத் திறந்து பார்ப்பேன். பக்கத்தின் அடியில், இங்கே தோன்றும் விளம்பரங்களே இத்தளத்தின் ஆண்டு வாடகையைச் செலுத்துகின்றன என்று சிறிய எழுத்தில் அவர் எழுதியிருந்தார். அதைப் படித்தேன், கடந்து போனேன். என் திரையில் விளம்பரமும் இல்லை, என் உள்ளத்தில் உறுத்தலும் இல்லை. மாணவர் கேள்வி கேட்ட சில நாட்களில் ஒரு சொல்லைத் தேடித் தளத்தைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. இன்றுவரை இல்லை.

என்னால்தான் அது மூடியது என்று சொல்ல மாட்டேன். என் பங்கு ஆண்டுக்குச் சில காசுகளே இருந்திருக்கும். ஆனால் அந்தச் சில காசுகளை என் பையிலிருந்து கொடுக்கவும் நான் நினைக்கவில்லை. ஒரு வரி நன்றி எழுதவும் இல்லை. கிணற்றில் நாள்தோறும் நீர் இறைத்தவன், கயிறு தேய்வதைப் பார்த்தும் பேசாமல் போனான். அந்தக் குறை தடுப்பானுடையதன்று, என்னுடையது.

காவற்காரர் கேட்கும் கூலி

கதவைக் காக்கும் காவற்காரர் எல்லாரும் ஒரு தரத்தினர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 'ஆட்பிளாக் பிளஸ்' என்னும் தடுப்பானை நடத்தும் ஜெர்மனியின் கொலோன் நகர நிறுவனம், 2011 முதல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்ற பட்டியலை வைத்திருக்கிறது. அதில் இடம்பெறும் விளம்பரங்கள் தடுக்கப்படுவதில்லை. சிறிய தளங்களிடம் அது கட்டணம் வாங்குவதில்லை. பெரிய நிறுவனங்களோ இதனால் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் 30 விழுக்காடு அளவுக்குச் செலுத்துகின்றன. ஆரவாரமற்ற விளம்பரத்துக்கு வழிவிடுவது நல்ல நோக்கமே. ஆயினும் வழியை அடைத்தவரே வழிவிடக் காசு வாங்கும்போது, அது சுங்கச் சாவடி போல் ஆகிவிடுகிறது. வழிமறித்துச் சுங்கம் பறிப்பதை நம் முன்னோர் எவ்வளவு கடிந்தனர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மாறாக, 'யூபிளாக் ஆரிஜின்' என்னும் தடுப்பானை எழுதிய கனடா நாட்டு ரேமண்ட் ஹில் நன்கொடைகூடப் பெற மறுத்தவர். ஒரே தொழிலில் இரண்டு மனங்கள்.

கூடும் என்பதும் பேணுதல் என்பதும்

பல வாரங்களுக்குப் பின் வகுப்பில் அந்த மாணவருக்கு விடை சொன்னேன். சுருக்கம் இதுதான்.

தீங்கையும் ஆபாசத்தையும் வேவு பார்ப்பதையும் தடுக்கும் பொருட்டு விளம்பரத் தடுப்பானை வைப்பது கூடும். அது திருட்டன்று. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது கதவுக்குத் தாழ்ப்பாள் இடுவதைப் போன்றது. வெளிப்படையாக நிபந்தனை வைத்திருக்கும் தளத்தில் தந்திரத்தால் நுழைவது நேர்மையன்று. ஏற்க வேண்டும், அல்லது விலக வேண்டும்.

ஆனால் 'கூடும்' என்ற சொல் கடமையின் எல்லையைக் காட்டுகிறதே அன்றி, நற்பண்பின் எல்லையைக் காட்டவில்லை. அதற்கு அப்பால் பேணுதல் என்று ஒன்றிருக்கிறது. ஒருவர் உழைப்பால் தொடர்ந்து பயன் பெறுகிறவர், அவர் எப்படி உயிர் வாழ்கிறார் என்று ஒருமுறையேனும் கேட்பதே பேணுதல். அவர் நேர்மையான விளம்பரம் வைத்திருந்தால் அவருக்கு மட்டும் தடுப்பானை விலக்கலாம். கருவியில் அதற்கு வசதியுண்டு. சந்தா கேட்டால் இயன்றவர் செலுத்தலாம். அது தெளிந்த விலை. விக்கிப்பீடியாவைப் போல் விளம்பரமே இல்லாமல் நன்கொடையால் நடப்பதாயின், வக்ஃபுக் கிணற்றைத் தூர் வாரப் பங்கு கொடுப்பதுபோல் ஏதேனும் கொடுக்கலாம். எதற்கும் இயலாதவர் இரண்டு வரி நன்றி எழுதலாம். அதுவும் எழுதுகிறவருக்கு உணவே என்பதை இப்படிப்பட்ட இதழ்களில் எழுதிவரும் நாங்கள் நன்கு அறிவோம்.

தளம் நடத்துவோருக்கும் ஒரு சொல் உண்டு. உங்கள் வாசலில் யார் நிற்கிறான் என்பதற்கு நீங்களே பொறுப்பு. ஏலக் கூடம் அனுப்பியது என்று கையை விரிப்பது போதாது. அன்று பின்னட்டையில் கைலி விளம்பரத்தை அச்சிட்ட ஆசிரியருக்கு அந்த வணிகரைத் தெரியும். சரக்கு மோசமானால் வாசகர் ஆசிரியரிடமே வந்து கேட்பார். அந்த அறிமுகமும் அந்தப் பொறுப்பும் திரும்பி வருமாயின், தடுப்பானுக்குத் தேவையே பெருமளவு குறைந்துவிடும்.

மாணவர் உட்காருமுன் இன்னொரு கேள்வி கேட்டார்: "ஹஜ்ரத், தாங்கள் என்ன செய்தீர்கள்?"

என் கணினியில் தடுப்பான் இன்னும் இருக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன். நான் நாள்தோறும் பயன் பெறும் மூன்று தளங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, இரண்டுக்குத் தடுப்பானை விலக்கிவிட்டேன். ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தினேன். நான்காவதாக ஒரு பெயரும் அந்தத் தாளில் இருக்கிறது. அந்த ஆசிரியரின் முகவரியை ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதலில் ஸலாம் சொல்லிவிட்டு, பிறகு மூன்று ஆண்டுக் கணக்கைப் பேச வேண்டும்.

உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.